மருந்தாளர் சங்கத்தில் மாணவர் கற்கும் பாடம்

சுங்கை பாக்காப் மருத்துவமனையில் மருந்து வாங்க நிற்பவர்களுள் தோட்ட மக்களும் உண்டு. முகப்புக்கு அப்பால் இருக்கும் மருந்தாளர் மாத்திரைகளை எண்ணிப் பையில் இட்டு, வேளையைச் சொல்லி அனுப்புகின்றார். அந்த இடத்திற்கு வர அவர் நான்காண்டுப் பல்கலைக்கழகக் கல்வியும், அதன்பின் ஓராண்டுப் பயிற்சியும் முடித்து, 1951ஆம் ஆண்டு மருந்தாளர் பதிவுச் சட்டத்தின்கீழ்த் தம் பெயரைப் பதிந்திருத்தல் வேண்டும்.

அக்கல்வி நமக்குத் தொலைவில் இல்லை. பினாங்குத் தீவிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1972இல் தொடங்கிய மருந்தியல் கல்விக்கூடமே நாட்டின் முதலாவது. தோட்டப் பிள்ளைகளும் பயிலக்கூடிய கல்வி அது.

மாணவர் பாடநூலோடு நின்றுவிடுவதில்லை. மருத்துவமனை, மருந்துக் கடை, மருந்துத் தொழிற்சாலை எனப் பல இடங்களில் பயிற்சி பெறுகின்றார். அமெரிக்காவில் இம்முறை மேலும் விரிந்துள்ளது. அங்கு இறுதியாண்டு மாணவர் சில வாரங்களுக்கு ஓரிடமாக மாறி மாறிப் பணிபுரிவர். இச்சுழற்சிப் பயிற்சி 1,440 மணி நேரத்திற்குக் குறையலாகாது. அவ்விடங்களுள் ஒன்றாகச் சிலர் தம் தொழிலுக்குரிய சங்கத்தையே தெரிந்தெடுக்கின்றனர். 1852இல் பிலடெல்பியாவில் தோன்றிய அமெரிக்க மருந்தாளர் சங்கம் அத்தகைய மாணவரை ஏற்றுப் பயிற்றுகின்றது.

சங்கம் என்றதும் நம் நினைவுக்கு வருவது 1954இல் அமைந்த தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம். அது சம்பளத்திற்கும் வேலை நிபந்தனைகளுக்கும் முதலாளிமாரோடு பேச்சு நடத்துவது. மருந்தாளர் சங்கம் அவ்வகையினது அன்று. தொழில் செய்வோரின் அறிவை வளர்த்தல், ஒழுங்கைக் காத்தல், சட்டம் இயற்றுவோரிடம் தொழிலின் கருத்தை எடுத்துரைத்தல், மக்களுக்கு மருந்தைப் பற்றி விளக்குதல் ஆகியன அதன் பணிகள். நம் நாட்டில் மலேசிய மருந்தாளர் சங்கம் இப்பணிகளைச் செய்து வருகின்றது.

இங்கு ஒரு வழக்கும் உண்டு. நம் தனியார் கிளினிக்குகளில் மருந்தை எழுதுபவரும் கொடுப்பவரும் டாக்டரே. 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் அதற்கு இடந்தருகின்றது. கொடுக்கும் பணி மருந்தாளருக்கே உரியது என்று சங்கம் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றது. அவ்வாறாயின் நோயாளி இரண்டு இடங்களுக்கு அலைய நேருமே என்பது மறுதரப்பாரின் கேள்வி. மருந்துக் கடை அருகில் இல்லாத தோட்டப்புறத்தை எண்ணும்போது அக்கேள்வியைத் தள்ளிவிட இயலாது. சங்கத்தில் பயிலும் மாணவர் இத்தகைய வழக்குகளின் இருபுறத்தையும் கேட்டறிகின்றார். வகுப்பறையில் இது எளிதில் கிட்டாது.

அத்தகைய மாணவர் ஒருவரிடம், மூட்டுவலி மருந்தைப் பற்றித் தோட்ட மக்களுக்கு ஒரு துண்டறிக்கை எழுதுமாறு பணித்தால் அவர் என்ன எழுத வேண்டும்?

குனிந்தும் நிமிர்ந்தும் பால் வெட்டி, வாளி சுமந்தவர்களுக்கு முழங்காலும் இடுப்பும் வலிப்பது புதிதன்று. இரவுச் சந்தையில் விற்கும் வேர்மருந்து, உருண்டை, தூள் ஆகியவற்றை உண்டவுடன் வலி பறந்துவிட்டது என்பார்கள். மூலிகை அவ்வளவு விரைவாக வேலை செய்வது ஐயத்திற்குரியது. பதிவு பெறாத இத்தகைய மருந்துகள் பலவற்றில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பன்முறை கண்டறிந்துள்ளது. டாக்டரின் மேற்பார்வையில் அதுவும் நல்ல மருந்துதான். அளவறியாது பல மாதம் உண்டால் முகம் உப்பும்; எலும்பு தேயும்; இரத்த அழுத்தம் கூடும்; இனிப்புநீர் உள்ளவருக்கு அது கட்டுக்கடங்காது போகும். பசி கூடி உடல் பருப்பதைக் கண்டு, மருந்து உடம்பில் பிடித்திருக்கிறது என்று மகிழ்வோரும் உண்டு!

வாங்குமுன் பெட்டியைத் திருப்பிப் பார்க்கலாம். நம் நாட்டில் மருந்துப் பதிவு 1985இல் தொடங்கிற்று. பாரம்பரிய மருந்துகளுக்கு அது 1992இல் வந்தது. பதிவு பெற்ற மருந்தின் உறையில் எம், ஏ, எல் என்னும் மூன்று ரோமன் எழுத்துகளும், அடுத்து எட்டு இலக்கங்களும், அவற்றின்பின் வகையைக் காட்டும் எழுத்தும் இருக்கும். டி என்றால் பாரம்பரிய மருந்து. ஏ என்றால் கட்டுப்பாட்டுக்குரிய நச்சுப்பொருள் அடங்கியது. உறையில் பாதுகாப்பு ஒட்டியும் வேண்டும். எண்ணைப் பொய்யாக அச்சடிப்போரும் உளர். ஆதலின் ஐயம் தோன்றினால் எந்த மருந்தாளரிடமும் காட்டிக் கேட்கலாம். விளக்கம் கேட்பதற்குக் கட்டணமில்லை.

துண்டறிக்கையில் மாணவர் மறக்கலாகாத செய்தி இன்னொன்று. இதைப் படித்த அச்சத்தில், பல மாதம் உண்டுவந்த மருந்தை ஒரே நாளில் நிறுத்துவதும் கேடு. ஸ்டீராய்டை நெடுநாள் உண்ட உடல், தான் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். திடீரென நிறுத்தினால் கடுஞ்சோர்வும் வாந்தியும் உண்டாகி, மயங்கி விழவும் கூடும். அத்தகையோர் உடனே மருத்துவமனைக்கோ அரசாங்கக் கிளினிக்குக்கோ சென்று, எவ்வளவு காலம், நாளொன்றுக்கு எத்தனை உண்டார்கள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எஞ்சிய மருந்தையும், மருந்து தீர்ந்திருந்தால் அதன் காலிப் புட்டியையும் உடன் கொண்டு செல்க.