பழக வந்த பிள்ளை

பெங்களூரில் பீன்யா என்ற தொழிற்பேட்டை இருக்கிறது. பெரிய ஆலைகளும் சிறிய பட்டறைகளும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி என்று பல மொழி பேசுபவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள்.

அங்கே ஒரு லேத் பட்டறை. அதில் 20 பேர் வேலை செய்தார்கள். பட்டறை வாசலில் ஓர் அம்மா பூ விற்பார். எல்லோரும் அவரைப் பூக்காரம்மா என்று கூப்பிடுவார்கள். அவருக்கு இரண்டு மகன்கள்.

மூத்தவன் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தான். இரண்டு ஆண்டுகள் போனான். தரையைக் கூட்டினான். டீ வாங்கி வந்தான். இரும்பு சுமந்தான். லேத்தை ஓட்ட யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு நாள் லேத்தில் சுற்றியிருந்த இரும்புச் சுருளைக் கையால் இழுத்தான். இரண்டு விரல்கள் போயின.

"பழக வந்த பையன்தானே? எனக்கு என்ன பொறுப்பு?" என்றார் அந்த முதலாளி. மூத்தவனிடம் காட்டுவதற்கு ஒரு தாள்கூட இல்லை. இப்போது அவன் சந்தையில் மூட்டை தூக்குகிறான்.

ஒரு கேள்வி

இளையவனுக்கு 19 வயது. ஐ.டி.ஐ.யில் டர்னர் படிப்பை முடித்திருந்தான். வாசலில் இருந்த லேத் பட்டறை முதலாளிக்கு ஆள் தேவைப்பட்டது. நன்றாக லேத் ஓட்டத் தெரிந்தவர்கள் எளிதில் கிடைக்கவில்லை.

"இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துப் பழக்கலாம் என்று இருக்கிறேன். உங்கள் மகனை அனுப்புங்கள் அம்மா" என்றார் முதலாளி.

பூக்காரம்மா உடனே சரி என்று சொல்லவில்லை.

"பெரியவனுக்கு நடந்தது இவனுக்கும் நடக்காது என்று எப்படி நம்புவது ஐயா?" என்று கேட்டார்.

முதலாளியிடம் பதில் இல்லை. அவர் அதுவரை முறைப்படி யாரையும் பழகுநராகச் சேர்த்தது இல்லை. அன்றே விசாரிக்கத் தொடங்கினார்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 1961-ஆம் ஆண்டிலேயே தொழில் பழகுநர் சட்டம் வந்துவிட்டது. பிறகு அது பலமுறை திருத்தப்பட்டது. 2019-இல் திருத்திய விதிகளின்படி, 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் பழகுநர்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். 4 முதல் 29 பேர் வரை இருந்தால், விரும்பினால் சேர்க்கலாம். நூறு பேருக்கு இரண்டரைப் பேருக்குக் குறையாமலும் 15 பேருக்கு மிகாமலும் சேர்க்க வேண்டும். 20 பேர் இருக்கும் பட்டறையில் 3 பேர் வரை சேர்க்கலாம்.

பழகுநருக்கு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆபத்தான தொழில் என்றால் 18 வயது ஆகியிருக்க வேண்டும்.

பழகுநர் கற்க வந்தவர். அவர் தொழிலாளி அல்ல. அதனால் அவருக்குத் தருவது சம்பளம் அல்ல, உதவித்தொகை. இதற்குக் குறைந்த அளவு உண்டு. 2019 விதிகளில் பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு மாதம் 6,000 ரூபாய், ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்றவருக்கு 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். இந்தத் தொகையை அரசு அவ்வப்போது மாற்றும். சேரும்போது எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2016-இல் மத்திய அரசு தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. உதவித்தொகையில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, அரசு ஏற்கும் என்றது. அந்தப் பணம் பழகுநரின் வங்கிக் கணக்கில் நேராகச் சேரும் முறை 2023-இல் வந்தது.

பழகுநரைக் கூடுதல் நேரம் வேலை வாங்கக் கூடாது. அதற்கு உரிய அதிகாரியின் அனுமதி வேண்டும். பயிற்சியின்போது வேலையால் காயம் பட்டால் நட்ட ஈடு தருவது முதலாளியின் பொறுப்பு.

இவற்றை எல்லாம் ஒப்பந்தமாக எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பதிவுதான் பழகுநருக்குப் பிடிமானம். மூத்த மகனுக்கு அது இல்லாமல் போயிற்று.

யார் சொல்லித் தருவது?

முதலாளி மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரி 25 ஆண்டுகளாக லேத் ஓட்டுபவர்.

"நீங்கள்தான் சொல்லித் தர வேண்டும் மேஸ்திரி."

"சொல்லித் தருகிறேன் முதலாளி. ஆனால் தினமும் இத்தனை உருப்படி முடிக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறீர்களே? பையன் பக்கத்தில் நின்றால் கணக்கு குறையும். குறைந்தால் என்னைத்தானே கேட்பீர்கள்?"

அது நியாயமான பேச்சு. கணக்கை விரட்டுகிறவர் பிள்ளைகளை டீ வாங்கத்தான் அனுப்புவார். ஆகவே முதலாளி மேஸ்திரியின் கணக்கில் தினமும் இரண்டு மணி நேரத்தைக் குறைத்தார். அந்த நேரம் சொல்லித் தருவதற்கு மட்டும்.

"இன்னொன்று முதலாளி. நாம் பழக்கிவிடுவோம். அவன் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விட்டால்?"

முதலாளி சிரித்தார். "நீங்களும் நானும் எங்கே பழகினோம் மேஸ்திரி? வேறு யாரோ சொல்லித் தந்ததுதானே?"

திட்டம் போட்டார்கள்

இருவரும் உட்கார்ந்து ஓர் ஆண்டுக்குத் திட்டம் எழுதினார்கள்.

முதல் மாதம்: பாதுகாப்பு, கருவிகளின் பெயர், வெர்னியர் கொண்டு அளத்தல்.

2 முதல் 4-ஆம் மாதம் வரை: லேத்தில் முகம் சீவுதல், நேராகக் கடைதல்.

5 முதல் 8-ஆம் மாதம் வரை: சரிவாகக் கடைதல், துளையிடுதல், திரெட் வெட்டுதல்.

9 முதல் 12-ஆம் மாதம் வரை: வரைபடம் பார்த்து ஒரு பொருளை முழுதாகச் செய்தல்.

பழகுநர் அன்றன்று கற்றதை ஒரு நோட்டில் எழுத வேண்டும். மேஸ்திரி வாரம் ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

பாதுகாப்பு விதிகளைப் பெரிய எழுத்தில் சுவரில் எழுதினார்கள்:

* தொளதொளப்பான சட்டை போடாதே.
* ஓடும் லேத்தில் கையுறை அணியாதே. கையோடு இழுத்துவிடும்.
* சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிடாதே.
* கண்ணாடி அணி.
* இரும்புச் சுருளைக் கையால் தொடாதே. லேத்தை நிறுத்து. கொக்கியால் எடு.

கடைசி வரியைப் பூக்காரம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

கையெழுத்து

ஒப்பந்தத் தாள் வந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. இளையவன் பேனாவை எடுத்தான்.

"படித்தாயா?" என்று கேட்டார் அம்மா.

"எல்லாம் வழக்கமாக இருப்பதுதான் அம்மா."

"படித்தவன் நீ. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறாயே! ஒவ்வொரு வரியாகப் படி. எனக்குத் தமிழில் சொல்."

அவன் படித்தான். தொழிலின் பெயர் இருந்தது. தொடங்கும் நாளும் முடியும் நாளும் இருந்தன. பூக்காரம்மா தாளை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. ஆனால் இரவுப் பள்ளியில் எண்கள் கற்றிருந்தார்.

"இந்த இடத்தில் எண் இல்லையே? காலியாக இருக்கிறதே?"

அது உதவித்தொகை எழுத வேண்டிய இடம்.

"அதைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் அம்மா" என்றார் முதலாளி.

"நிரப்புங்கள் ஐயா. பிறகு அவன் கையெழுத்துப் போடுவான்."

முதலாளிக்கு முகம் சிறுத்தது. ஆனால் அந்த அம்மா சொல்வது சரி என்று பட்டது. தொகையை எழுதினார். பயிற்சித் திட்டத்தையும் கூடவே இணைத்தார். அதன் பிறகு இளையவன் கையெழுத்துப் போட்டான். ஒரு நகலைப் பூக்காரம்மா வாங்கி வைத்துக்கொண்டார்.

"பயிற்சி முடிந்ததும் வேலை உண்டா ஐயா?" என்று இளையவன் கேட்டான்.

"அப்படி ஒப்பந்தத்தில் எழுதினால்தான் கட்டாயம் தம்பி. இப்போது நான் அப்படி எழுதவில்லை. ஆனால் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கு. அது எந்த ஊரிலும் செல்லும்" என்றார் முதலாளி.

நான்காம் மாதம் இளையவன் தானே கடைந்த ஒரு சிறிய இரும்புத் தண்டை மேஸ்திரியிடம் காட்டினான். மேஸ்திரி வெர்னியரால் அளந்தார். அளவு சரியாக இருந்தது. நோட்டில் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை அந்த நோட்டை அண்ணன் வாங்கிப் பார்த்தான். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான்.

யோசித்துச் சொல்லுங்கள்

1. மூத்த மகனுக்கு நட்ட ஈடு ஏன் கிடைக்கவில்லை?
2. மேஸ்திரியின் கணக்கை முதலாளி ஏன் குறைத்தார்?
3. 40 பேர் வேலை செய்யும் இடத்தில் எத்தனை பழகுநர்கள் வரை சேர்க்கலாம்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.
4. உங்கள் தெருவில் தொழில் பழகும் பிள்ளைகள் இருக்கிறார்களா? அவர்களிடம் ஒப்பந்தம் இருக்கிறதா? கேட்டுப் பாருங்கள்.