கிரீன் கார்டு வரும் முன் ஊருக்குப் போய்வர: அட்வான்ஸ் பரோல் வாங்கும் வழி

அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து, அந்நாட்டில் இருந்தபடியே கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தவர் எல்லாவற்றுக்கும் முன்பு தெரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. ஐ-485 என்ற அந்தக் கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது, முன்கூட்டி அனுமதி வாங்காமல் நாட்டைவிட்டு வெளியேறினால், விண்ணப்பத்தை அவரே கைவிட்டுவிட்டதாகக் குடிவரவுத் துறை எடுத்துக்கொள்ளும். கட்டிய பணம் திரும்பாது. கணவரோ மனைவியோ கொடுத்த ஐ-130 மனு பிழைத்திருக்கலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு இந்தியாவிலிருந்து குடியேற்ற விசா கேட்க வேண்டும், நேர்காணலுக்குப் பெரும்பாலும் மும்பை போக வேண்டும். அது முடியும்வரை ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே. இந்த ஆபத்தைத் தடுக்கும் தாளுக்குப் பெயர் அட்வான்ஸ் பரோல். அதைக் கேட்கும் படிவம் ஐ-131. பயணத் திட்டம் இருக்கிறதோ இல்லையோ, ஐ-485 அனுப்பும்போதே இதையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

செலவைக் காட்டித்தான் பலரும் இதை மறுக்கிறார்கள். அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. 2024 ஏப்ரல் 1க்கு முன்பு ஐ-485 கட்டணத்திலேயே இதுவும் அடங்கியிருந்தது. அன்று முதல் ஐ-485க்கு 1,440 டாலர், ஐ-131க்குத் தனியாக 630 டாலர் என்று பிரித்துவிட்டார்கள். (கட்டணம் மாறக்கூடியது, அனுப்பும் நாளில் துறையின் கட்டணப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) போகப்போவதே இல்லை என்றிருக்கும் பயணத்துக்கு எதற்கு இவ்வளவு பணம் என்று கேட்பது இயல்பு. ஆனால் இந்தத் தாள் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். தாள் வருவதற்கு முன் கிளம்பினால் ஐ-131 விண்ணப்பமும் சேர்ந்தே செல்லாததாகும். அப்பாவுக்கு மாரடைப்பு என்று மதுரையிலிருந்து போன் வரும் இரவில் தொடங்கக்கூடிய வேலையல்ல இது. நெருக்கடி நேரத்துக்கென்று ஒரு வழி இருப்பது உண்மை: துறையின் தொடர்பு மையத்தை அழைத்து, உள்ளூர் அலுவலகத்தில் அவசர நேரம் கேட்டு, நிரப்பிய ஐ-131, கட்டணம், ஐ-485 ரசீது, மருத்துவர் கடிதம் அல்லது இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு நேரில் போகலாம். தமிழில் உள்ள சான்றிதழ் என்றால், சரியான மொழிபெயர்ப்பு என்று மொழிபெயர்த்தவர் உறுதிகூறிக் கையெழுத்திட்ட ஆங்கிலப் பிரதியும் வேண்டும். இத்தனைக்குப் பிறகும் கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம். செய்தி வந்த மறுநாளே எடுத்துவிடுகிற நம் வழக்கத்தில், இப்படி ஓடி வாங்கும் அனுமதி காரியத்துக்காவது உதவினால் பெரிது.

‘எனக்கு எச்-1பி வேலை விசா இருக்கிறதே, எனக்கெதற்கு?’ என்பது இரண்டாவது கேள்வி. எச்-1பி, எல்-1, அவர்களைச் சார்ந்த எச்-4, எல்-2 ஆகிய நிலைகளில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு: அந்த நிலை குலையாமல் இருந்து, செல்லுபடியாகும் விசாவோடு அதே நிலையில் திரும்பி வந்தால் ஐ-485 பாதிக்கப்படாது. எஃப்-1 மாணவர்களுக்கும், கே-1 வருங்காலத் துணை விசாவில் வந்தவர்களுக்கும் இந்த விலக்கு இல்லை. கடவுச்சீட்டில் இன்னும் மூன்று வருடத்துக்கு விசா ஒட்டியிருந்தாலும் அது உதவாது. மாணவர்கள் ஏமாறும் இடம் இதுதான். எச்-1பிகாரர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். வேலை போனால் விலக்கும் போகும். விசா காலாவதியாகியிருந்தால் சென்னையில் புதுப்பிக்க நேரம் கிடைக்கும்வரை ஊரிலேயே தங்க வேண்டிவரும். அட்வான்ஸ் பரோல் இருந்தால் அதைக் காட்டி உள்ளே வரலாம். அப்படி வந்த பிறகும் அதே நிறுவனத்தில் வேலையைத் தொடரலாம், எச்-1பி நீட்டிப்பும் கேட்கலாம்.

இனி, தாளை வாங்குவதையும் அதைப் பயன்படுத்துவதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது; வாங்கிவிட்டார் என்பதாலேயே ஒருவரின் பயணம் பாதுகாப்பாகிவிடாது. சட்டவிரோதமாக 180 நாளுக்கு மேல் தங்கியவர் வெளியேறினால் மூன்று ஆண்டும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவருக்குப் பத்து ஆண்டும் திரும்பி வரத் தடை உண்டு. அட்வான்ஸ் பரோலோடு போய்வருவது அந்தப் பத்தாண்டுத் தடையைத் தூண்டும் ‘வெளியேற்றம்’ ஆகாது என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 2012இல் தீர்ப்பளித்தது. அரபல்லி, யெரபெல்லி என்ற அந்த வழக்கில் மேல்முறையீடு செய்தவர்கள் இந்தியர்கள். ஆனால் நாடுகடத்தும் உத்தரவு, குற்ற வழக்கு, முந்தைய விண்ணப்பத்தில் பொய்த் தகவல் இவற்றையெல்லாம் அந்தத் தீர்ப்பு துடைத்துவிடாது. இவற்றில் ஏதேனும் உங்கள் பின்னணியில் இருந்தால், குடிவரவு வழக்கறிஞரிடம் கோப்பு முழுவதையும் காட்டாமல் டிக்கெட் போடாதீர்கள்.

பின்னணி சுத்தமாக இருந்து, தாளும் வந்துவிட்டால், அதில் அச்சிட்ட கடைசித் தேதியைப் பாருங்கள். அதற்குச் சில வாரம் முன்பே திரும்பிவிடுமாறு பயணத்தை அமையுங்கள். கைரேகைக்கோ நேர்காணலுக்கோ அழைப்பு வந்திருந்தால் முதலில் அதை முடியுங்கள், அல்லது தேதி மாற்றக் கேளுங்கள்; சொல்லாமல் தவறவிட்டால் விண்ணப்பத்தையே நிராகரிக்கலாம். நீங்கள் வெளியே இருக்கையில் ஐ-485 நிராகரிக்கப்பட்டால் கையிலுள்ள தாளுக்கும் மதிப்பிராது. ஆகவே கூடுதல் ஆவணம் கேட்டுத் துறை அனுப்பும் கடிதத்தை உடனே பிரித்துப் படித்துப் பதில் அனுப்ப, அமெரிக்காவில் இருக்கும் துணையிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். விமானப் பாதையிலும் கவனம் தேவை. அட்வான்ஸ் பரோல் விசா அல்ல. அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ வைத்திருப்பவருக்குச் சில நாடுகள் தரும் இடைமாறல் சலுகை இதற்குக் கிடைக்கும் என்று நம்பி லண்டன் வழியாக டிக்கெட் எடுக்காதீர்கள். துபாய் விமான நிலையத்துக்குள்ளேயே மாறிச் செல்லும் இந்தியருக்கு விசாவே தேவையில்லை என்பதால் அது எளிது.

‘குடிமகளின் கணவனை எப்படித் தடுப்பார்கள்?’ என்று துணிந்து கேட்பவர்கள் உண்டு. தடுக்கலாம். குடிமக்களின் வெளிநாட்டுத் துணையை நாட்டுக்குள் அனுமதிக்கக் கோருவது அடிப்படை உரிமை ஆகாது என்று 2024 ஜூனில் முன்யோஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அட்வான்ஸ் பரோலும் உள்ளே விடுவதற்கான உத்தரவாதம் அல்ல. இறுதி முடிவு விமான நிலைய அதிகாரியுடையது. பெரும்பாலும் இரண்டாம் கட்டச் சோதனை அறைக்கு அனுப்புவார்கள். அது சந்தேகத்தின் அடையாளம் அல்ல, வழக்கமான நடைமுறை. அங்கிருந்து பிடிக்க வேண்டிய அடுத்த விமானம் இருந்தால் நடுவில் மூன்று, நான்கு மணி நேரமாவது விடுங்கள். அனுமதித் தாளின் அசல், கடவுச்சீட்டு, ஐ-485 ரசீது, திருமணச் சான்றிதழ் நகல் நான்கும் கைப்பையில் இருக்கட்டும், சரக்குப் பெட்டியில் போட வேண்டாம். வீடு சேர்ந்ததும் இணையத்தில் உங்கள் வருகையைக் காட்டும் ஐ-94 பதிவை எடுத்து, பரோலில் வந்ததாகப் பதிவாகியிருக்கிறதா, பெயரும் தேதியும் சரியா என்று பார்த்து ஒரு பிரதியை நேர்காணல் கோப்பில் சேருங்கள்.