பழைய தெய்வங்களைத் தேடிப் புறப்படும் பிள்ளைக்கு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடிகளில் வளர்ந்த பிள்ளைகள் சிலர் இப்போது என்னிடம் வந்து ஒரே ஏக்கத்தைத்தான் சொல்கிறார்கள். காசு, கடன், கைபேசி என்று ஓடும் இந்த வாழ்க்கை வேண்டாம். மரத்தையும் மழையையும் கும்பிட்டு வாழ்ந்த காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்கிறார்கள். ஒருவனுக்கு நோர்வேயில் இருக்கும் மச்சான் மூலம் ஒடின், தோர் என்ற வட ஐரோப்பியத் தெய்வங்கள் அறிமுகமாகியிருக்கின்றன. இன்னொருத்திக்கு வன்னியில் காணி வாங்கி, மரத்தடியில் சூலம் நட்டு இருந்துவிட ஆசை. நீயும் அந்த வழியில் கால் வைத்திருக்கிறாய். உன் ஏக்கம் நல்ல ஏக்கம், பிள்ளை. அது கெட்டுப்போகாமல் இருக்க, நான் கண்டதையும் பட்டதையும் வைத்துச் சில வார்த்தைகள் சொல்கிறேன்.

1. இந்த வழியில் நீ முதல் ஆள் இல்லை. 1877இல் இதே கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியை எடுத்துக்கொள். தகப்பன் சேர் முத்துக் குமாரசுவாமி, தாய் ஆங்கிலப் பெண்மணி. இரண்டு வயது நிறையுமுன் தகப்பனை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கல்லில் எழுப்பிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவருக்கு அத்தை மகன். நிலவியல் படித்து, இலங்கையின் கனிமங்களை ஆராயும் பணிக்குத் தலைவராகத் திரும்பி வந்தார். கல்லைத் தேடி ஊர் ஊராகப் போனவர், கைவினைஞரின் வாழ்வு நொறுங்கிக்கொண்டிருப்பதைக் கண்டார். அந்த நாட்களில், 1905இல், கண்டியில் ஒரு சிறு நூலை அச்சிட்டார். ஐஸ்லாந்தின் பழைய ‘எட்டா’ப் பாடல்களில் ஒன்றான ‘வோலுஸ்பா’வின் ஆங்கில மொழிபெயர்ப்பு அது. உலகம் உண்டானதையும், தேவர்கள் போரில் மாள்வதையும், மூழ்கிய நிலம் மீண்டும் பச்சையாய் எழுவதையும் ஒரு குறிசொல்லி பாடும் பாட்டு. அந்த நோர்வே மச்சான் இன்று படிப்பதை, நம்மவர் ஒருவர் அன்றே கண்டி மலையில் இருந்து படித்திருக்கிறார்.

அதன்பின் அவர் செய்ததைக் கவனி. யந்திர நாகரிகத்தின் மேல் அவருக்கு உன்னைவிடக் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தோடு அவர் சிற்பி, தட்டான், நெசவாளர், வண்ணம் தீட்டுபவர் என்று ஒவ்வொரு பட்டறையாகப் போய் இருந்தார். அவர்கள் வேலையைப் பார்த்தார், கேட்டார், குறித்தார். 1908இல் வந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ அந்த உழைப்பின் பலன். ஐஸ்லாந்துக் கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சுப் பொறியிலேயே அதை அச்சிட்டார். ஒரு காலத்தை உனக்குப் பிடிக்கவில்லை என்றால், அந்தக் காலம் அழித்துக்கொண்டிருக்கும் ஒன்றையாவது கையால் தாங்கிப் பிடி.

2. தூரத்துத் தெய்வத்தைத் தேடுமுன் உன் அம்மம்மாவிடம் கேள். அவள் வளவில் எந்த மரத்தடியில் வைரவர் இருந்தார், அண்ணமாருக்கு எந்த நாளில் பொங்கினார்கள், முதல் நெல்லை யாருக்கு வைத்தார்கள் என்று கேள். அவள் போன பிறகு இதைச் சொல்ல எந்தப் புத்தகமும் இராது. யாழ்ப்பாணத்தில் கண்ணகிக்கு இருந்த கோயில்கள் பல, இன்று இராசராசேசுவரி என்றும் புவனேசுவரி என்றும் வழங்குகின்றன. ஆறுமுக நாவலர் பெரிய மனிதர். தமிழுக்கும் சைவத்துக்கும் அவர் செய்ததற்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனாலும் கண்ணகி என்ற சமண வணிகர் குலத்துப் பெண்ணைச் சைவர் கும்பிடுவதா என்று அவர் கண்டித்தபோது, ஊர் தன் தாயைத் தானே ஒளித்துக்கொண்டது என்றுதான் நான் நினைக்கிறேன். மட்டக்களப்பு அப்படி விடவில்லை. அங்கே இன்றும் வைகாசியில் கண்ணகி வழக்குரை படித்து, அம்மன் சினம் ஆறக் குளிர்த்தி பாடுகிறார்கள். ஐரோப்பியப் பிள்ளைகள் ஏட்டில் எஞ்சிய துண்டுகளை ஒட்டித் தங்கள் சடங்கைத் திருப்பிக் கட்டவேண்டியிருக்கிறது. உனக்கு உயிரோடு இருக்கிறது. ஒரு பஸ் ஏறினால் போதும்.

3. கற்கும்போது வாயைக் கட்டு. செல்வச்சந்நிதியிலும் கதிர்காமத்திலும் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகச் செய்வதைப் பார்த்திருப்பாய். புதிதாக வருகிறவருக்கும் அந்தத் துணி வேண்டும். ஜேர்மனியில் பிறந்து, இந்தத் தீவில் புத்த பிக்குவாக இருந்து, பிறகு யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியின் சீடராகிச் சந்நிதியில் ஆச்சிரமம் அமைத்து வாழ்ந்தார் ஒருவர். சனங்கள் அவரை ஜேர்மன் சாமி என்றே அழைத்தார்கள். பிறந்த இடத்திலிருந்து அவ்வளவு தூரம் வந்தவர், வந்த இடத்து வழக்கத்துக்குப் பணிந்து இருந்ததால்தான் ஊர் அவரைத் தன்னவராக ஏற்றது. ஆறு மாதம் படித்துவிட்டு ஊர்ப் பூசாரிக்குத் திருத்தம் சொல்லப் போன இளையவர்களையும் கண்டிருக்கிறேன். அடுத்த வருடம் அவர்களை அங்கே காணவில்லை.

4. இரத்தம், இனம், மண் என்று யாராவது பேசத் தொடங்கினால் எழுந்து வந்துவிடு. இதை மட்டும் நான் உரத்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஜேர்மனியில் நாசிகள் பழைய ரூன் எழுத்துகளைச் சீருடையில் குத்திக்கொண்டு கொன்ற கதையை நீ படித்திருப்பாய். அந்தக் கறை இன்னும் போகவில்லை. தோரின் சம்மட்டியை மார்பில் தொங்கவிட்டு நிறவெறி பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஐஸ்லாந்தில் வேறு விதமாகச் செய்தார்கள். ஏறத்தாழ கி.பி. 1000இல் கிறித்தவத்தை ஏற்ற நாடு அது. அங்கே 1972இல் ஸ்வெய்ன்பியோர்ன் பெயின்டெய்ன்ஸன் என்ற விவசாயி, மரபுப் பாட்டு இசைப்பவர், சில நண்பர்களோடு சேர்ந்து பழைய வழிபாட்டுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். அடுத்த ஆண்டே அரசு அதை ஒரு சமயமாக ஏற்றது. தங்கள் பெயரை இன மேன்மைக்கோ, போர்வெறிக்கோ, மிருக பலிக்கோ யாரும் பயன்படுத்துவதை ஏற்கமாட்டோம் என்று அந்தச் சங்கம் வெளிப்படையாகவே சொல்கிறது. அந்த நோர்வே மச்சானைச் சந்தித்தால் கேள்: அவன் எந்தப் பக்கத்து ஆட்களோடு சேர்ந்திருக்கிறான்?

எனக்கு இது ஐரோப்பாவின் கதை மட்டும் இல்லை. தமிழர் மேல் நடந்த 1983 ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தை எரிந்தபோது நான் இங்கே இருந்தேன். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். இந்த மண் எங்களுடையது, எங்கள் முன்னோருடையது என்ற பேச்சு பல வருடமாக ஊறி ஊறித்தான் அந்த நெருப்பாயிற்று. எங்களைப் பின்னறையில் வைத்துக் காத்தது ஒரு சிங்களக் குடும்பம். அந்த வீட்டு அம்மா பத்தினித் தெய்வத்துக்கு விளக்கு வைப்பவர். நாங்கள் கண்ணகி என்று கும்பிடும் அதே தாய். அந்த இரவில் அவர் எங்கள் சாதி கேட்கவில்லை, இனம் கேட்கவில்லை. என் பிள்ளைக்குப் பால் காய்ச்சித் தந்தார். பழைய தெய்வம் ஒருவரிடம் உண்மையாக இருக்கிறதா என்று அறிய, அந்த இரவுக்குப் பிறகு நான் வேறு அடையாளம் தேடியதில்லை.

5. பழையது என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் வைக்காதே. 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போகப் போராடவேண்டியிருந்தது. அவர்களைத் தடுத்தவர்களும் மரபு என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உன் மரத்தடிச் சூலத்துக்கு முன்னால் யாராவது எட்ட நிற்கவேண்டியிருந்தால், அதை நடாமலே விடு.

6. இந்த நாகரிகத்தைச் சந்தேகி; அதற்குள் வாழும் மனிதரைச் சந்தேகியாதே. 2022இல் காஸ் சிலிண்டர் இல்லை, பெற்றோல் இல்லை, மின்சாரம் மணிக்கணக்காக இல்லை. எட்டாம் மாடியில் லிப்ட் நின்றுபோனால் தண்ணீரையும் அரிசியையும் படியில் சுமக்கவேண்டும். வருடக்கணக்காகப் பார்த்தும் சிரிக்காத பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்த மாதங்களில் கீழே முற்றத்தில் கல் வைத்து, ஒரே அடுப்பில் முறை வைத்துச் சமைத்தார்கள். விறகு மூட்டத் தெரிந்த கிழவிகளுக்கு அப்போது என்ன மரியாதை! நீ பயப்படுவது சரி, பிள்ளை: நம்மைத் தாங்குவதாக நாம் நம்பும் ஏற்பாடுகள் ஒரு கப்பல் வராவிட்டால் நின்றுவிடும். அந்தப் பயத்துக்கு மருந்து காட்டில் தனியாக ஒளிவதில் இல்லை. அடுப்பு மூட்டப் பழகு, கிணற்று நீர் அள்ளப் பழகு, நாலு வீட்டாரின் பெயர் தெரிந்து வைத்திரு.

7. நிலத்திடம் அவசரம் காட்டாதே. 2021இல் இந்த நாட்டில் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தினார்கள். எண்ணம் நல்லது என்றே சொல்வோம். ஆனால் மண்ணைப் பழக்கவில்லை, மாட்டெருவுக்கு வழி செய்யவில்லை, உழவனைக் கேட்கவில்லை. நெல்லும் தேயிலையும் விழுந்தன. அதே வருடம் நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். இயற்கை வேளாண்மை என்ற சொல்லைக் கேட்டாலே இன்று பல உழவர் முகம் சுளிக்கிறார்கள். நல்ல காரியத்தை அவசரத்தில் செய்தால் அந்தக் காரியத்தின் பெயரும் கெடும். வன்னியில் காணி வாங்க நினைக்கிறாய் என்றால், முதலில் ஒரு போகம் முழுவதும் ஓர் உழவரின் வயலில் கூலி வேலை செய். குளத்து வாய்க்காலில் நீர் வரும் முறையையும், யானை வரும் வழியையும், யார் யாரோடு கோபம் என்பதையும் அந்தப் போகத்தில் அறிந்துகொள்வாய். பிறகு வாங்கு.

8. காடு தொலைவில் இருக்கிறது என்று சாட்டுச் சொல்லாதே. 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்றது இந்தக் கொழும்பு. வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் விடியற்காலை நின்று பார். நீர்க்காகம் சிறகு காய வைக்கும், கபரகொய்யா கரையேறும், மேலே வௌவால் கூட்டம் திரும்பும். அதே நீரில்தான் உன் தெருக்காரர் குப்பைப் பையையும் போடுகிறார். இடியையும் மழையையும் தெய்வம் என்று கும்பிடுகிறவன், அந்த மழை ஓடும் கால்வாயில் ஒரு பையையாவது எடுத்து வெளியே போடவேண்டும்.

9. அலுவலகம் போகும் உன் அப்பாவை ஏளனமாகப் பார்க்காதே. அவர் வாடகை கட்டும் வீட்டில் இருந்துகொண்டுதான் நீ இந்த வாழ்க்கையைத் துறக்கக் கனவு காண்கிறாய்.

10. தனியாக வைத்துக் கும்பிடும் தெய்வம் மெல்ல மெல்ல உன் சொந்த ஆசையின் குரலாகிவிடும். ஐஸ்லாந்துச் சங்கத்தார் வட்டமாக நின்று ஒரே கொம்பில் பானம் பகிர்கிறார்கள்; நாம் ஒரே பானையில் பொங்கிப் பகிர்கிறோம். பகிர்வதற்கு ஆள் வேண்டும், ஆட்களோடு பிணக்கு வரும், பிணக்கைத் தீர்க்கப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையைப் பழகுவதுதான் வழிபாட்டில் பாதிக்கு மேல் என்பது என் முடிவு.

ஆகவே இந்த வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி கோயிலுக்குப் போ. சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் உப்புநீர் விளக்கு எரிப்பார்கள். அதன் பிறகு கண்ணகி அம்மனுக்குப் பொங்கல். கைபேசியைப் பையில் வை. கொழும்பிலிருந்து முல்லைத்தீவுக்குப் பஸ் இருக்கிறது. விறகு சுமக்கவும் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் அங்கே எப்போதும் ஆள் தேவை.