வரிசை பாஸ் வாங்க முன்னம்

யூன் பிறந்து பள்ளிக்கூடம் பூட்டுகிற நாள் கிட்ட வந்ததும் தங்கச்சிமார் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அக்கா, தூசன்ஃப்ரீட்டுக்குப் போறம். நுழைவு ரிக்கெற்றோட அந்த வரிசை பாஸையும் சேத்து எடுக்கிறதோ, விடுகிறதோ?" தூசன்ஃப்ரீட் ஒஸ்லோவுக்குப் பக்கத்துக் கேளிக்கைப் பூங்கா. வரிசை பாஸ் என்பது மேலதிகக் காசு கொடுத்து நீண்ட வரிசையைத் தவிர்க்கிற சீட்டு. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒஸ்லோவிலும் சுற்றுவட்டத்திலும் குடியிருக்கிற குடும்பத்துக்குப் பெரும்பாலான நாட்களில் அது தேவையில்லை. அந்தக் காசுக்கு அதைவிட நல்ல செலவு இருக்கிறது. கப்பலேறி டென்மார்க் போய், லெகோலாண்டில் ஒரேயொரு நாள் மட்டும் நிற்கப் போகிறவர்களுக்குக் கதை வேறு.

பாஸ் விற்பதால் வண்டியில் ஓர் இருக்கைகூடக் கூடுவதில்லை. ஒரு ரோலர் கோஸ்டரில் ஒரு தடவைக்கு 24 பேர் ஏறலாம், இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி புறப்படுகிறது என்று வையுங்கள். மணித்தியாலத்துக்கு 720 பேர். உங்களுக்கு முன்னால் 360 பேர் நின்றால் அரை மணித்தியாலம். இப்போது ஒவ்வொரு வண்டியிலும் 6 இருக்கை பாஸ்காரருக்குப் போகிறது என்றால், பொது வரிசைக்கு மிஞ்சுவது மணித்தியாலத்துக்கு 540 இருக்கைதான். அதே 360 பேர் முடிய 40 நிமிடம் ஆகும். பாஸ்காரர் மிச்சம் பிடித்த நேரம், வெயிலில் நிற்கிற மற்றவர்களிடமிருந்து ஆளுக்குப் பத்து நிமிடமாக எடுத்த நேரம்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு வரிசையும் சேருகிற இடத்தில், ஏறுமேடைக்குச் சற்று முன்னால், கோடைகால வேலைக்கு வந்த இளம்பிள்ளை ஒன்று சங்கிலியைப் பிடித்தபடி நிற்கும். இந்தப் பக்கம் எட்டுப் பேரை விடும், சங்கிலியை மாட்டும், அந்தப் பக்கம் நாலு பேரை விடும். பொது வரிசையில் இருந்து இரண்டு மூன்று வண்டிகள் போகும்வரை அந்தக் கையைக் கவனித்தீர்கள் என்றால், அன்றைக்குப் பாஸ் எவ்வளவு விற்றிருக்கிறது என்பது உங்களுக்கே விளங்கிவிடும். பாஸ்காரருக்கான குறுகிய வாசலில் ஆளே இல்லையென்றால் பாஸ் வாங்காததால் நீங்கள் இழந்தது ஒன்றுமில்லை. அந்த வாசலிலும் கூட்டம் நெரிந்தால், வாங்கினாலும் உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைத்திருக்காது.

இந்த இரண்டாவது நிலைதான் பாஸ் வாங்கியவர்களை மிகவும் கோபப்படுத்துகிறது. காசு கொடுக்காமல் அரை மணித்தியாலம் நின்றவர் இறங்கும்போது சிரித்துக்கொண்டு இறங்குவார். காசு கொடுத்துவிட்டு இருபது நிமிடம் நின்றவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். நின்ற நேரம் குறைவு, மனக்குறை கூட. டிஸ்னி 1999இல் இந்த வசதியைத் தொடங்கியபோது அது இலவசம். 2021இல் ஃபுளோரிடாவில் அதற்குப் பதிலாக ஆளுக்கு நாளொன்றுக்கு 15 டொலரில் தொடங்கும் கட்டணச் சேவை வந்தது. 2024இல் பெயரும் முன்பதிவு முறையும் மறுபடி மாறின. உலகத்தின் மிகப் பெரிய பூங்கா நிறுவனமே இன்னும் மாற்றி மாற்றித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். தூசன்ஃப்ரீட் 1988இல் திறந்தது. ஒஸ்லோவில் இருந்து தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீற்றர், E6 நெடுஞ்சாலையோரம், ஓஸ் கொம்யூனில் வின்டர்ப்ரூ. 2001இல் வந்த மரத்தாலான தண்டர்கோஸ்டரும், 2006இல் வந்த ஸ்பீட்மொன்ஸ்டரும் வரிசை நீளுகிற இடங்கள். ஸ்பீட்மொன்ஸ்டர் இரண்டு செக்கனளவில் மணிக்கு 90 கிலோமீற்றர் வேகம் பிடித்துவிடும். அதன் முதல் சுழற்சிக்கு ஒப்பான ஒன்று அதற்குமுன் எங்கும் இருக்கவில்லை. அதனால் இன்றைக்கும் உலகம் முழுக்க அந்த வடிவத்துக்கு 'நோர்வேஜியன் லூப்' என்றுதான் பெயர். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், தங்கள் ஊர்ப் பெயர் என்று பெருமைப்படுவார்கள்.

அந்தச் சுழற்சி நுழைவாயில் பக்கமாகவே இருக்கிறது. உள்ளே வருகிறபோதே இரைச்சலோடு கண்ணில் படும், சனமெல்லாம் முதலில் அதற்குத்தான் ஓடும். நீங்கள் ஓடாதீர்கள். காலையில் கதவு திறந்ததும் உள்ளே தூரத்தில் இருக்கிற பெரியவற்றுக்குப் போய்விட்டு, வாசல் பக்கத்தைச் சாப்பாட்டு நேரத்துக்கோ மாலைக்கோ விடுங்கள். இந்த ஒரு பழக்கமே பாஸ் செய்கிற வேலையில் பாதியைச் செய்துவிடும்.

மற்றப் பாதி வானிலையின் கையில். முதல்நாள் இரவு யூர் வானிலைச் செயலியைத் திறந்து பாருங்கள். தூறல் காட்டுகிற வாரநாள்தான் உங்களுக்கு நல்ல நாள். எங்கள் பிள்ளைகளிடம் பார்ணஹாகன் (பாலர் பாடசாலை) காலத்தில் இருந்தே மழையுடுப்பும் பூட்சும் இருக்கின்றன. எதற்காக வாங்கினோம்? இடியும் மின்னலும் காட்டினால் மட்டும் போகாதீர்கள். பெரிய வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், பிறகு எந்தப் பாஸாலும் பயனில்லை. தவிர்க்க வேண்டிய நாட்கள்: வெயிலடிக்கிற சனிக்கிழமை, யூலை மாதத்து நல்ல வானிலை நாட்கள், இலையுதிர்காலத்து ஹலோவீன் சனிக்கிழமை மாலை. பள்ளிக்கூடம் பூட்டுவதற்கு முந்திய யூன் வாரநாட்களிலும் வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். வாரநாள்தானே என்று நம்பிப் போய்விடாதீர்கள்.

அந்தக் காசுக்கு நல்ல செலவு என்றேனே, அது பருவ அட்டை. ஃபூருசெட், ஸ்தூவ்னர், லோரன்ஸ்கூக் பக்கம் இருக்கிற குடும்பம் எங்கள் ஆட்களில் எத்தனை! அங்கேயிருந்து வின்டர்ப்ரூ என்ன தூரம்? வரிசையில் நிற்பது கசப்பதற்குப் பெரிய காரணமே, இன்றைக்கு விட்டால் இனி எப்போதோ என்ற பதற்றம்தான். அட்டை கையில் இருந்தால் அந்தப் பதற்றம் போய்விடும். வேலை முடிந்து பின்னேரம் போய் இரண்டு விளையாட்டு, ஓர் ஐஸ்கிரீம், வீட்டுக்கு வரலாம். வரிசை நீளமென்றால் பூங்காவின் பாடெஃப்ரீட் தண்ணீர்ப் பக்கம் இறங்கிவிட்டு அடுத்த கிழமை மிச்சம். நாலு பேருக்கு ஒருநாள் பாஸுக்குக் கொடுக்கிற காசையும், நாள் ரிக்கெற்றுக்கும் பருவ அட்டைக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தையும் ஒரு கடதாசியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். விலை பருவத்துக்குப் பருவம் மாறும், ஆனபடியால் எழுதிப் பார்ப்பதுதான் வழி.

நிற்பதென்றே முடிவானால் நல்லபடி நில்லுங்கள். டேவிட் மைஸ்டர் என்ற பேராசிரியர் காத்திருப்பின் உளவியலைப் பற்றி 1985இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் அடிப்படை. சும்மா நிற்கிற நேரம் நீளமாகத் தெரியும், எவ்வளவு நேரமென்று தெரியாமல் நிற்பதும் நீளம், அநியாயமாகப் படுகிற காத்திருப்பும் நீளம் என்கிறார் அவர். மூன்றுக்கும் கைமருந்து இருக்கிறது. பெரிய பிள்ளையிடம் தொலைபேசியைக் கொடுத்து, ஒரு வண்டி போய் அடுத்தது போகிற இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னதை முன்னால் நிற்கிற தலைகளை எண்ணச் சொல்லுங்கள். இரண்டையும் வைத்து எங்கள் முறை எத்தனை மணிக்கு என்று அவர்களே கணக்குப் பார்க்கட்டும். யாருடைய கணக்குச் சரி என்பதில் இருபது நிமிடம் ஓடிவிடும். சாப்பாட்டுப் பொதியை வரிசையில் பிரியுங்கள். மீன் ரோல்ஸ், பற்றிஸ் போன்ற கையில் பிடித்துத் தின்கிற சாமான் நல்லது. சோறும் கறியும் வேண்டாம். எல்லாரும் சாப்பாட்டுக் கடைக்குப் போகிற பன்னிரண்டரைக்கு நீங்கள் வயிறு நிறைந்து வரிசைக்குள் நிற்கலாம்.

மூன்றாவது, அந்த அநியாயம் பற்றிய கேள்வி, கட்டாயம் வரும். "அம்மா, அவை ஏன் நிக்காமல் போகினம்?" நோர்வேயில் வளர்கிற பிள்ளைக்கு இது சின்னக் கேள்வியல்ல. பார்ணஹாகனில் சறுக்குமரத்துக்கு நின்ற நாளில் இருந்து தன் முறை வரும்வரை நிற்கப் பழக்கியிருக்கிறார்கள். மருந்துக் கடையிலும் இலக்கத் துண்டு எடுத்துவிட்டுத்தான் இருக்கிறோம். அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லாதீர்கள், பாஸ்காரரைத் திட்டவும் வேண்டாம். "அவை அதுக்கு வேற காசு குடுத்திருக்கினம். அந்தக் காசை வேற ஒண்டுக்கு வைப்பம் எண்டு அப்பாவும் நானும் முடிவெடுத்தம்" என்று இருப்பதைச் சொல்லுங்கள். வேறு ஒன்று என்ன என்பதையும் சொல்லுங்கள். அது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

காசுக்கு முறை விற்பது எங்களுக்குப் புதிதல்ல. திருப்பதியில் 300 ரூபா சிறப்புத் தரிசனத்துக்கு நின்றவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆனால் நல்லூர்க் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபா. கனடாவில் இருந்து வந்தவருக்கும் அதே சீட்டு, முத்திரைச்சந்தியில் இருந்து நடந்து வந்த ஆச்சிக்கும் அதே சீட்டு. அங்கே நிற்கிறபோது யாருக்கும் மனம் புழுங்குவதில்லை. பூங்கா கோயில் அல்ல, வியாபாரம், ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் எந்த முறையில் நின்றால் மனம் ஆறுதலாக இருக்கிறது என்பதைப் பிள்ளை நல்லூரிலும் பார்க்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

ஒரே குடும்பத்துக்குள் மட்டும் இந்தப் பாகுபாட்டைக் கொண்டுவராதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மூத்த பிள்ளைகள் இருவருக்கும் பாஸ் எடுத்து, கடைசிப் பெண்ணுக்கு எடுக்காமல் விட்டார்கள். அவளும் தாயும் வெளியே வாங்கிலில் இருந்தபடி அவர்கள் ஏறி இறங்குவதைப் பார்த்த மத்தியானத்தை அந்தப் பிள்ளை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறது. எல்லாருக்கும் எடுங்கள், இல்லாவிட்டால் ஒருவருக்கும் வேண்டாம். எடுக்க முதல் பிள்ளையைச் சப்பாத்தோடு சுவரில் நிறுத்தி உயரம் அளந்து பாருங்கள். பாஸ் பெரும்பாலும் பெரிய வண்டிகளுக்குத்தான். உயரம் காணாத பிள்ளைக்கு அது வெறும் கடதாசி.

எப்போது எடுக்கலாம்? திரும்பி வர முடியாத இடத்தில், கூட்டம் உறுதியான நாளில். யாழ்ப்பாணத்தில் இருந்தோ லண்டனில் இருந்தோ மருமக்கள் வந்து ஒரு சனிக்கிழமை மட்டும்தான் இருக்கிறது என்றால் எடுங்கள், மனம் வருந்தாமல் எடுங்கள். சென்னைக்குப் போகிறவர்கள் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா பூங்காவுக்குப் போவார்கள். அந்த வெக்கையில் சின்னப் பிள்ளைகளோடு நிற்பது வேறு, இங்கே பதினெட்டுப் பாகையில் நிற்பது வேறு. லெகோலாண்ட் பில்லுண்டுக்கு லார்விக்கில் கப்பலேறி, காரோட்டி, ஹோட்டல் போட்டுப் போகிறோம். அங்கே ஒரு மணித்தியாலத்தின் விலையே வேறு. என்றாலும் அதற்கு முதல் நாட்காட்டியைப் பாருங்கள். டென்மார்க்கில் பள்ளிக்கூடங்கள் ஓகஸ்ட் இரண்டாம் வாரமளவில் தொடங்கிவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு மாதத்தின் நடுப்பகுதி தாண்டும்வரை விடுமுறை. அந்த இடைப்பட்ட வாரநாட்கள் எங்களுக்குக் கிடைத்த வரம். ஒஸ்லோவின் இலையுதிர்கால விடுமுறை 40ஆம் கிழமை, டென்மார்க்குடையது 42. நாங்கள் போகிற கிழமை அவர்கள் வகுப்பில் இருப்பார்கள். லெகோலாண்டுக்கு வருகிற யேர்மன் சனத்தின் விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதையும் ஒருதரம் பார்த்துவிட்டுக் கப்பல் பதியுங்கள்.

வாங்கும்போது என்ன வகை என்று வாசியுங்கள். சில பாஸ்கள் உண்மையாகவே குறுகிய வாசலால் விடும். சில, தொலைபேசியில் உங்கள் இடத்தைப் பிடித்துவைக்கும். காத்திருக்கிற நேரம் அதேதான், நிற்கத் தேவையில்லை என்பது மட்டும் இலாபம். சிலதில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தடவைதான். தொலைபேசியால் ஓடுகிறதென்றால் பவர் பாங்க் ஒன்று பையில் இருக்கட்டும். இணையத்தில் வாங்கினால் பதினாலு நாளைக்குள் திருப்பலாம் என்ற நோர்வேச் சட்டத்தின் உரிமை, திகதி குறித்த பொழுதுபோக்கு ரிக்கெற்றுக்குப் பொருந்தாது. ஆகவே வானிலை பார்க்காமல் முன்கூட்டியே பாஸ் வாங்குவது புத்தியல்ல. நுழைவை முதல் வாங்குங்கள், பாஸை அன்றைக்குக் காலையில் யோசியுங்கள். விற்றுத் தீர்ந்துவிட்டது என்றால் அந்தப் பாஸ் வரிசையும் நீளம் என்றுதான் அர்த்தம்.

விசேட தேவையுள்ள பிள்ளையோ உடல்நலம் குன்றிய பெற்றோரோ உங்களோடு வருகிறார்கள் என்றால் பாஸுக்குக் காசு கட்ட முன்னம் கொம்யூனில் துணைவர் அட்டைக்கு விண்ணப்பியுங்கள். லெட்சாகர்பெவீஸ் என்று கேட்டால் தெரியும். துணைக்கு வருகிறவருக்குப் பல இடங்களில் நுழைவு இலவசம். வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று பூங்காவுக்கும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். எங்கள் ஆட்களில் பலர் கூச்சத்தில் இதைக் கேட்பதில்லை. அது சலுகை கேட்பதல்ல, கூசாமல் கேளுங்கள்.

பாஸில் அடங்கிய வண்டி பழுதாகி நின்றுவிட்டால் அன்றைக்கே, அங்கேயே, விருந்தினர் சேவைக் கவுண்டரில் சொல்லுங்கள். பற்றுச்சீட்டும், வண்டி பூட்டியிருக்கிறது என்று காட்டுகிற பலகையின் படமும் தொலைபேசியில் இருக்கட்டும். வீட்டுக்கு வந்து மின்னஞ்சல் எழுதுவதைவிட நேரே சொல்வதற்குக் கெதியாய்ப் பதில் கிடைக்கும். பூட்டுகிற நேரத்தில் அந்தக் கவுண்டரிலும் சனம் நிற்கும். நாலு மணிக்கே போய்விடுங்கள்.