தேடுபொறிக்கு ஓர் அட்டவணைச் சீட்டு

பி.எஸ்சி. (கணிப்பொறி அறிவியல்), இரண்டாம் ஆண்டு

பழைய நூலகங்களில் சிறிய மர இழுப்பறைகளில் அட்டவணைச் சீட்டுகளை அடுக்கி வைத்திருப்பர். ஆசிரியர் பெயருக்கு ஓர் இடம், நூற்பெயருக்கு ஓர் இடம், மூலையில் பகுப்பு எண். நூலைப் பிரித்துப் பாராமலே அது எதைப் பற்றியது என்பதைச் சீட்டு சொல்லிவிடும். இணையப் பக்கங்களுக்கும் இப்படியொரு சீட்டு உண்டு என்பதை நம் மாணவர்களுள் பலர் அறியார்.

கொள்ளிடத்திற்கு அப்பால் உள்ள சீர்காழியில் 1892-இல் பிறந்தவர் எஸ். ஆர். இரங்கநாதன். கணித ஆசிரியராயிருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு நூலின் பொருளைப் பல கூறுகளாகப் பிரித்து, கூறுகளுக்கிடையே நிறுத்தற்குறி இட்டு எழுதுவது. எண் மட்டும் போதாது, அது எந்தக் கூற்றின் எண் என்பதும் தெரியவேண்டும் என்பதே இதன் உயிர்நாடி.

இணையத்திலும் இதே சிக்கல்தான். ஒரு பக்கத்தில் ‘ஊறுகாய் ஜாடி 180 12’ என்றிருந்தால் நாம் ஊகித்துக் கொள்வோம். பொறிக்கு 180 விலையா, எடையா என்பது உறுதியாக விளங்காது. இக்குறையைப் போக்கவே கூகுள், யாகூ, மைக்ரோசாப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் 2011 ஜூன் மாதத்தில் ‘ஸ்கீமா டாட் ஆர்க்’ என்னும் பொதுச் சொற்பட்டியலைக் கொண்டுவந்தன. போட்டியாளர்கள் ஒரே சொற்பட்டியலுக்கு உடன்பட்டது வியப்புக்குரியதே. இதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் இராமநாதன் குஹா, சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் பயின்றவர்.

எழுதும் முறை கடினமன்று. ‘ஜேசன்-எல்.டி.’ என்ற வடிவில், பக்கத்தின் மூல நிரலுக்குள் ஒரு சிறு பகுதியைச் சேர்க்கிறோம். வகை: பொருள், பெயர்: ஊறுகாய் ஜாடி, விலை: 180, நாணயம்: இந்திய ரூபாய் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதன் பெயர் நிற்கும். பார்வையாளர் கண்ணுக்கு இது தெரியாது, தேடுபொறி மட்டும் படித்துக்கொள்ளும். அதன்பின் தேடல் முடிவிலேயே விலையும் இருப்பும் தோன்ற வாய்ப்புண்டு. வாய்ப்பு என்றுதான் சொல்கிறேன். சீட்டு எழுதியதனாலேயே பக்கம் முதலிடத்திற்கு வந்துவிடாது என்று கூகுளே கூறுகிறது.

எங்கள் ஊருக்கே இது பயன்படும். ஸ்ரீமுஷ்ணம் என்பர், திருமுட்டம் என்பர். ஆங்கிலத்தில் ஒட்டியும் பிரித்தும் எழுதுவர். பூவராகசுவாமியைத் தரிசிக்க வெளியூரிலிருந்து வருபவர் எந்தப் பெயரால் தேடுவாரோ! ‘மாற்றுப் பெயர்’ என்று ஒரு கூறு அந்தச் சொற்பட்டியலில் இருக்கிறது. அதில் எல்லாப் பெயர்களையும் எழுதி, அட்சரேகை, தீர்க்கரேகையையும் குறித்துவிட்டால் எல்லாம் ஒரே ஊர்தான் என்பது பொறிக்கு விளங்கும்.

என் தந்தையார் விருத்தாசலத்தில் ஒரு சிறிய பீங்கான் பட்டறையில் சூளை வேலை பார்க்கிறார். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர். அங்கே செய்யும் ஜாடிகளும் ப்யூஸ் கேரியர்களும் தரகர் கை மாறிப் போகும்போது விருத்தாசலம் என்ற பெயரே அவற்றில் இருப்பதில்லை. வாங்குபவர் நேரே தேடி வந்தால் கூலியும் சற்று உயராதா என்ற ஆசையில், கோடை விடுமுறையில் அந்தப் பட்டறைக்கு ஒரு பக்கம் அமைத்தேன்.

முதலில் ஒரு தவறு செய்தேன். பளிச்சென்று தெரியட்டுமே என்று ஐந்து நட்சத்திர மதிப்பீட்டை நானே எழுதிச் சேர்த்தேன். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத செய்தியைச் சீட்டில் எழுதுவது விதிமீறல்; ஏமாற்று என்று கண்டால் அந்தப் பக்கத்திற்குச் சிறப்புத் தோற்றமே மறுக்கப்படும். தவிர, ஒரு நிறுவனம் தன்னைப் பற்றித் தன் பக்கத்திலேயே இடும் மதிப்பீட்டை 2019 முதல் கூகுள் காட்டுவதும் இல்லை. விதியைப் படித்தபின் வெட்கப்பட்டு நீக்கினேன். கூகுளின் சோதனைக் கருவியில் இட்டபோது, ஒரு காற்புள்ளி விட்டுப்போனதற்கே முழுச் சீட்டும் செல்லாது என்று வந்தது. கணித விடைத்தாள் திருத்துபவர்கூட இவ்வளவு கண்டிப்பில்லை!

எல்லாம் சரியானபின் அப்பாவிடம் ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன். விட்டம் 12 சென்டிமீட்டர் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

“எந்த விட்டம்டா? உள்வாயா, வெளிவாயா? மூடி செய்யறவன் உள்வாய்தான் கேப்பான்.”

ஸ்கேலை எடுத்துக்கொண்டு இருவரும் ஜாடியை மறுபடி அளந்தோம்.