பழைய கணினியில் பொன்

பொன் துருப்பிடிப்பதில்லை; மின்சாரத்தை நன்கு கடத்தும். ஆதலின் கணினிச் சுற்றுப்பலகைகளின் இணைப்பு முனைகளில் மெல்லிய பொன்முலாம் பூசப்படுகின்றது. ஒரு டன் சுற்றுப்பலகைகளில் ஏறத்தாழ 200 கிராம் பொன் இருத்தல் கூடும்; சுரங்கத் தாதுவிலோ டன்னுக்குப் பெரும்பாலும் சில கிராம்களே உண்டு.

இப்பொன்னை நாடிப் பழைய கணினிகளை எடைக்கு வாங்கிப் பிரிக்கும் தொழில் புனே போன்ற நகரங்களில் நடைபெறுகின்றது. முறையாகச் செய்யின் இது நற்றொழிலே. ஆயின் பலகைகளைத் திறந்தவெளியில் எரித்து, நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களின் கலவையாகிய இராஜதிராவகத்தில் கரைப்பது பெருங்கேடாம். அதன் புகை நுரையீரலை அரிக்கும். பற்றாசிலுள்ள காரீயம் தூளாகவும் புகையாகவும் பரவிக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எஞ்சிய அமிலம் மண்ணையும் கிணற்று நீரையும் கெடுக்கும்.

புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட, மத்திய அரசின் மின்னணுவியல் தொழில்நுட்பப் பொருள்கள் மையம், தன் ஐதராபாத் ஆய்வுக்கூடத்தில் சுற்றுப்பலகைகளினின்று உலோகங்களை மீட்கும் முறையொன்றை வகுத்துள்ளது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, மறுசுழற்சி செய்வோர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும்.

பள்ளியின் பழுதுற்ற கணினிகளைக் கழிக்குமுன், அவை பதிவு பெற்ற நிலையத்தைச் சென்றடையுமா என்பதை ஆசிரியர் உறுதி செய்துகொள்க. பொன் பிரிக்கும் சோதனையை வகுப்பறையிலோ வீட்டிலோ செய்தல் கூடாது என்பதையும் மாணவர்க்கு அறிவுறுத்துக.