பிள்ளை பேசும்வரை பொறு

அன்புள்ள தங்கைக்கு,

காரைக்குடிப் பள்ளியில் மனநல ஆலோசகராகச் சேரப் போகிறாய் என்று அறிந்து ரொம்பச் சந்தோஷம். உன் அறைக்கு வந்து 'எனக்கு மனச்சோர்வு' என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. தலைவலி, வயிற்றுவலி என்றுதான் வரும். கபடி என்றால் உயிரை விடுகிறவன் மைதானத்துப் பக்கமே போகமாட்டான். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவான். ராத்திரி தூக்கமிருக்காது, காலையில் எழுந்திருக்க மனசிருக்காது. இது இரண்டு வாரம் நீடித்தால் 'வயசுக் கோளாறு' என்று விட்டுவிடாதே. 2015–16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னது. அறுபது பேர் உள்ள வகுப்பில் நாலு பேர்.

வந்த பிள்ளையிடம் உடனே புத்தி சொல்ல ஆரம்பிக்காதே. அதற்கு நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. என்னிடம் ஆலோசனைக்கு வந்த பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வெகுநேரம் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். நானும் பேசவில்லை. கடைசியில், "நான் இல்லாட்டா வீட்ல யாருக்கும் ஒண்ணும் ஆயிராது சார்" என்றான். இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் பதறாதே, பேச்சை மாற்றாதே. "செத்துப் போயிரலாம்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது; கேட்க ஓர் ஆள் இருக்கிறதே என்ற ஆறுதல்தான் வரும். 'ஆமாம்' என்றால் தனியே அனுப்பாதே. இந்த விஷயத்தில் ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதே. அன்றைக்கே வீட்டாரை வரவழை. மாத்திரை, பூச்சிமருந்தெல்லாம் பூட்டிவைக்கச் சொல்.

வீட்டார் என்றால் இங்கே பல சமயம் ஆயாதான், அதாவது பாட்டி. அப்பா சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருப்பார். வீட்டின் வளவு முற்றத்தைச் சுற்றிப் பாதி அறைகள் பூட்டிக் கிடக்கும். "கண்ணு பட்டிருக்கு, மந்திரிச்சாச் சரியாயிரும்" என்பார்கள். வாதாடாதே. "கொப்புடையம்மனையும் கும்பிட்டுக்கங்க ஆச்சி, டாக்டர்கிட்டயும் காட்டிருவோம்" என்று சொல். பேரன் சாப்பிட்டானா, தூங்கினானா என்று தினமும் பார்க்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவரைப் பகைத்துக்கொண்டால் உன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

பொதுத் தேர்வு முடிவு வருகிற அன்றைக்கு லீவு போடாதே. தோற்ற பிள்ளைகளின் வீட்டுக்கு நீயே போன் போடு. துணைத் தேர்வு சில வாரத்தில் வந்துவிடும், வருஷம் வீணாகாது என்பது அந்த நேரத்தில் பெற்றவர்களுக்கு நினைவிலேயே இருக்காது.

மருந்து தேவையா என்று தீர்மானிப்பது மனநல மருத்துவரின் வேலை, உன்னுடையது அல்ல. ராத்திரி வேளையில் அவசரம் என்றால் டெலி-மானஸ் மனநலத் தொலைபேசி உதவி எண் 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது. எந்நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. அந்த எண்ணை உன் அறைக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டு. பள்ளி திறப்பதற்குள் ஒரு நடை சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போய், அங்குள்ள மனநல மருத்துவரை நேரில் பார்த்துப் பேசிவிட்டு வா.

அன்புடன்,
அண்ணன்